பேஸ்மென்ட்டில் கறிவேப்பிலை: நான்கு குளிர்காலம், மூன்று விளக்கு

முதலாவது கறிவேப்பிலைக் கண்டு ஜனவரி நடுவில் செத்தது. நவம்பரில் கீழ் இலைகள் மஞ்சளாகின. டிசம்பரில் ஈர்க்கு ஈர்க்காகக் கொட்டின. பிறகு தடி மட்டும் நின்றது. அம்மா நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. "தண்ணி கூடிப்போச்சு மோனை" என்றார். தண்ணீர் கூடியது உண்மைதான். ஆனால் செடி ஏன் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று நான் அப்போது யோசிக்கவில்லை. வெளிச்சம் இல்லாத செடி வளராது, வளராத செடி தண்ணீர் இழுக்காது, இழுக்காமல் தேங்கிய தண்ணீர் வேரை அழுக வைக்கும். இது எனக்கு விளங்க இன்னும் இரண்டு குளிர்காலம் எடுத்தது.

எங்கள் வீடு கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில். இங்கே தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலை வருடம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் அது கப்பலிலோ விமானத்திலோ வந்து, குளிர்பெட்டியில் கிடந்து, வீட்டுக்கு வந்து நாலாம் நாள் கறுத்துப் போகிற இலை. அம்மாவுக்கு வேண்டியது அதுவல்ல. ஊரில் கிணற்றடி வாய்க்கால் தண்ணீரில் நின்ற மரத்திலிருந்து, தாளிக்கிற சட்டி அடுப்பில் இருக்கும்போதே ஓடிப்போய் ஒடித்துவந்த இலையின் மணம் வேண்டும். அதற்காகத்தான் கண்டு வாங்கினோம். கோடையில் பின்வளவில் வைத்தால் இங்கேயும் அது ஊரில் வளர்கிற மாதிரித்தான் வளர்கிறது. பிரச்சினை ஒக்டோபரில் தொடங்குகிறது.

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வடக்கு. ரொறொன்ரோ 43.7 பாகை வடக்கு. டிசம்பர் 21ஆம் திகதி உச்சி நேரத்தில் யாழ்ப்பாணத்துச் சூரியன் அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே 23 பாகைதான். அன்றைய பகல் அங்கே பதினொன்றரை மணித்தியாலம், இங்கே ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அதிலும் பாதி நாட்கள் முகில். மிச்சம் வருகிற வெளிச்சம் இரட்டைக் கண்ணாடி யன்னலால் இன்னும் குறைந்து உள்ளே வருகிறது. எங்கள் கண் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் கண்மணி விரிந்து சரிக்கட்டிக்கொள்ளும். "நல்ல வெளிச்சமான யன்னல்" என்று நான் நம்பிய கிழக்கு யன்னலில், பின்னாளில் ஒரு முகில் மூடிய டிசம்பர் மத்தியானத்தில் அளந்தபோது 1,500 லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு). யன்னலிலிருந்து இரண்டடி உள்ளே 400. வெளியே கோடை வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். அதை வைத்துப் பார்த்தால் செடி நூறில் ஒரு பங்கோடு பட்டினி கிடந்திருக்கிறது.

இரண்டாவது குளிர்காலத்துக்கு இணையத்தில் ஒரு விளக்கு வாங்கினேன். மேசையில் கவ்விப் பிடிக்கிற வகை, பாம்புக் கழுத்து, ஊதா வெளிச்சம். பெட்டியில் 45 வாட் என்று இருந்தது. விலை குறைவு, பாராட்டுகள் ஆயிரக்கணக்கில். அந்த வருடம் இரண்டு கண்டு வைத்திருந்தோம். இரண்டும் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. வந்த ஒன்றிரண்டு தளிரும் நீண்டு, மெலிந்து, கணுக்களுக்கிடையே விரலளவு இடைவெளி விட்டு விளக்கைத் தேடிப் போயின. ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் ஒரே கறுப்பாகத் தெரியும். அம்மா செடியைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டார். "இந்த வெளிச்சத்தில இலை இருக்கோ செத்துப்போச்சோ எண்டு எனக்குத் தெரியேல்லை மோனை. தலையும் இடிக்குது." மார்ச்சில் விளக்கை அணைத்துவிட்டு யன்னலருகே தூக்கி வைத்தபோதுதான் இலையின் அடியில் சிலந்திச் சிற்றுண்ணிகள் வலை பின்னியிருந்ததைக் கண்டோம். எத்தனை கிழமையாக இருந்ததோ.

பிறகு பிளக்கில் செருகி மின்சாரம் அளக்கிற சிறிய மீற்றர் ஒன்று வாங்கி அந்த விளக்கை அதில் போட்டேன். 11 வாட். பெட்டியில் எழுதியிருந்த 45, விளக்கினுள் இருக்கும் எல்.இ.டி. மணிகள் ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய உச்ச அளவைக் கூட்டி எழுதியது. அவற்றை அந்த உச்சத்தில் ஒருபோதும் ஓட்டுவதில்லை. இந்த மீற்றர் இருபது, முப்பது டொலருக்குள் கிடைக்கும். விளக்கு வாங்க நினைக்கிறவர்கள் விளக்குக்கு முன்னால் இதை வாங்கும்படி நான் எல்லோருக்கும் சொல்கிறேன். உடனே அளந்திருந்தால் திருப்பிக் கொடுக்கிற நாட்களுக்குள் கொடுத்திருப்பேன்.

ஏன் ஊதா என்று தேடிப் படித்தேன். இலைப்பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும். அதனால் அந்த இரண்டு நிறமும் போதும், பச்சை வீண் என்று ஒரு கருத்து பரவியது. தொடக்க காலத்து எல்.இ.டி.களில் சிவப்பே முதலில் திறமாக வந்தது. பிரகாசமான நீலம் 1990களில்தான் கைகூடியது, அதைச் செய்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே சிவப்பும் நீலமும் சேர்ந்த ஊதா விளக்குக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கீத் மக்ரீ என்ற ஆய்வாளர் 1972இலேயே 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறத்திலும் வைத்து அளந்து, பச்சை ஒளியும் ஒளித்தொகுப்புக்கு நன்றாகவே உதவுகிறது என்று காட்டிவிட்டார். சிவப்பும் நீலமும் மேற்பரப்பிலேயே முடிந்துவிட, பச்சை இலையின் ஆழத்துக்கும் கீழ் இலைகளுக்கும் போகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2014இல் வைத்த வெஜி என்ற பயிர்ப்பெட்டியில் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்.இ.டி.யும் இருக்கிறது, செடி செடியாகத் தெரிய வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். அம்மா சொன்னதும் அதுதான். பார்க்க முடியாத செடியைக் கவனிக்க முடியாது. வீட்டில் வளர்க்கிறவர்களுக்கு வெள்ளை விளக்குத்தான் சரி என்று நான் உறுதியாக நம்புவதற்கு முதல் காரணம் அந்தச் சிற்றுண்ணிகள்.

மூன்றாவது குளிர்காலத்தில் "1000 வாட்" என்று போட்ட ஒரு பலகை விளக்கு. இந்த முறை மீற்றர் கையில் இருந்தது: 108 வாட். "1000 வாட்டுக்குச் சமம்" என்று சிறிய எழுத்தில் இருந்ததை அப்போதுதான் வாசித்தேன். எதற்குச் சமம் என்று எங்கும் இல்லை. ஆனாலும் 108 வாட் நிஜமான 108 வாட். அதனால் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் வெள்ளை, நடுவில் சில சிவப்பு மணிகள். பேஸ்மென்ட்டில் உத்தரத்தில் கொழுக்கி அடித்து, செடியின் தலைக்கு மேலே எட்டு அங்குலத்தில் தொங்கவிட்டேன். கிட்ட இருந்தால் கூட வெளிச்சம், கூட வெளிச்சமென்றால் நல்லது என்ற கணக்கு.

பத்து நாளில் உச்சி இலைகள் வெளிறி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்துப் போயின. ஓரத்தில் நின்ற கண்டு மட்டும் நன்றாக இருந்தது. சூடு என்று நினைத்துக் கையை வைத்துப் பார்த்தேன். சூடு பெரிதாக இல்லை. அது வெளிச்சத்தின் மிகுதி. செடியும் அதற்குப் பழகியிருக்கவில்லை. இந்த வகைப் பலகைகளில் மணிகள் நடுவில் நெருக்கமாக இருக்கும். கிட்ட வைத்தால் நடுவில் வெயில், ஓரத்தில் நிழல். உயர்த்தினால் வெளிச்சம் பரவிச் சமமாகும், ஆனால் குறையும். எவ்வளவு உயரம் என்பதை ஊகத்தில் சொல்ல முடியாது, அளக்க வேண்டும்.

என்ன அளப்பது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் லெமிங்டன் பக்கம் கண்ணாடிப் பண்ணை ஒன்றில் வேலை செய்கிற தெரிந்த அண்ணை ஒருவர். ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையிலிருக்கும் அந்த ஊரில் தக்காளியும் வெள்ளரியும் குடைமிளகாயும் ஏக்கர் கணக்கில் கண்ணாடிக்குள் வளர்கின்றன. குளிர்கால இரவில் அந்த விளக்குகளால் வானமே நிறம் மாறித் தெரியும். தொலைபேசியில் என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, வாட் எண்டது நீ கட்டுற காசு. லூமன் எண்டது உன்ர கண்ணுக்கு. செடிக்கு எத்தினை மைக்ரோமோல் எண்டு கேள்."

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். லூமனும் லக்ஸும் மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவுகள். எங்கள் கண்ணுக்குப் பச்சை கலந்த மஞ்சள் மிகப் பிரகாசமாகத் தெரியும். சிவப்பும் நீலமும் மங்கல். செடி அப்படிப் பார்ப்பதில்லை. 400 முதல் 700 நானோமீற்றர் வரையான ஒளியின் துகள்களை அது எண்ணி எடுக்கிறது. துகள்களைத் தனித்தனியாக எண்ண முடியாதாகையால் மைக்ரோமோல் என்ற பெரிய கட்டுகளாக எண்ணுகிறார்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனில் எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்பதுதான் விளக்குக்காரர் பி.பி.எஃப்.டி. என்று எழுதுவது. நடுக்கோடை மத்தியான வெயிலில் அது 2,000 அளவில் இருக்கும். அதை நாள் முழுக்கக் கூட்டினால் டி.எல்.ஐ., அதாவது செடி ஒரு நாளில் பெறும் மொத்த ஒளி. கணக்கு சுலபம்: பி.பி.எஃப்.டி.யை மணித்தியாலத்தால் பெருக்கி, 0.0036ஆல் பெருக்கினால் மோல் கணக்கில் வரும். ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்.

இந்த இரண்டாவது எண்தான் என் கண்ணைத் திறந்தது. வீட்டு மூலையில் வைக்கிற நிழற்செடிகளுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 6 மோல் போதும். சலாது இலைக்கு 12 முதல் 17. தக்காளிக்கு 20க்கு மேல். எங்கள் கிழக்கு யன்னலை இந்தக் கணக்கில் போட்டால், முகில் நாளில் 1 மோல்கூட வரவில்லை. கறிவேப்பிலை வெயில் மரம். அதற்கு 1 மோல் கொடுத்துவிட்டு பசளையையும் தண்ணீரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

நாலாவது குளிர்காலத்துக்கு முன், செப்டெம்பரில், விளக்கைத் தேடும் முன் இடத்தை அளந்தேன். மூன்று பெரிய பூச்சாடிகள். நாலடிக்கு இரண்டடி, அதாவது ஏறத்தாழ முக்கால் சதுர மீற்றர். கறிவேப்பிலை இலையைப் பிடித்து வைத்திருந்தால் போதாது, குளிர்காலத்திலும் தளிர்க்க வேண்டும் என்றால் நாளுக்கு 10 மோல் அளவாவது கொடுப்போம் என்று தீர்மானித்தேன். 12 மணித்தியாலம் எரித்தால் அதற்கு 230 அளவு பி.பி.எஃப்.டி. வேண்டும். முக்கால் சதுர மீற்றருக்கு 170 மைக்ரோமோல். விளக்கு விடுகிற ஒளியில் மூன்றில் ஒன்று சுவரிலும் நிலத்திலும் வீணாகும் என்று வைத்தால், விளக்கிலிருந்து 250 மைக்ரோமோல் புறப்பட வேண்டும்.

இங்கே திறன் வருகிறது. ஒரு வாட் மின்சாரத்துக்கு விளக்கு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்பது. தரமான எல்.இ.டி. பலகைகள் இன்று 2.5க்கு மேல் தருகின்றன. பழைய சோடியம் விளக்குகளில் நல்லவை 1.7 அளவு. 250ஐ 2.5ஆல் பிரித்தால் 100 வாட். இதைக் கையில் எழுதிக்கொண்டு போனதால் "2000 வாட்", "6000 வாட்" என்று கத்துகிற பெட்டிகள் என்னை இழுக்கவில்லை. நான் தேடியது சுவரிலிருந்து நிஜமாக 100 வாட் எடுக்கிற, மைக்ரோமோல் கணக்கை ஒளிக்காமல் எழுதியிருக்கிற ஒரு நீளமான பலகை.

கிடைத்தது. விசிறி இல்லாதது, பின்புறம் முழுக்க அலுமினியத் தகடு, அதுவே சூட்டை எடுத்துவிடும். முந்திய பலகையின் விசிறி ஐந்தாவது மாதத்தில் கரகரத்து நின்றுபோனதால் இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தது. நிறம் 3,500 கெல்வின் வெள்ளை, கொஞ்சம் 660 நானோமீற்றர் சிவப்பு கலந்தது. கெல்வின் எண் கூடினால் வெள்ளை நீலப்பக்கம் போகும், குறைந்தால் மஞ்சள் பக்கம். நிறத்தைப் பற்றிக் கனக்கக் குழம்பத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். 3,000 முதல் 5,000 கெல்வின் வரை எந்த வெள்ளையும் இலைப்பயிருக்குச் சரி. நீலம் கூடினால் செடி கட்டையாக, அடர்த்தியாக வரும். மஞ்சள் பக்கம் போனால் கொஞ்சம் நீளும். இலை பறிக்கிற செடிக்குக் கட்டையாக வருவது நல்லதுதான். ஆனால் அளவு போதாவிட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது.

விற்பவர் போடுகிற ஒளிவரைபடத்தை வடிவாகப் பார்க்க வேண்டும். பலகைக்குக் கீழே சதுரம் சதுரமாக எண்கள் போட்டிருக்கும். சிலர் நடுப்புள்ளியின் எண்ணை மட்டும் பெரிதாகப் போடுவார்கள், எந்த உயரத்தில் அளந்தது என்று சொல்ல மாட்டார்கள். ஓரத்து எண்களும் உயரமும் இல்லாத வரைபடம் எனக்கு வேண்டாம். கனடாவில் இன்னுமொன்று: சி.எஸ்.ஏ., சி.யூ.எல்., சி.ஈ.டி.எல். போன்ற அங்கீகாரக் குறி விளக்கிலும் அதன் மின்வழங்கியிலும் இருக்க வேண்டும். ஈரமான இடத்தில் நாள் முழுக்க எரிகிற பொருளுக்கு இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. என் பழைய ஏற்பாட்டில், பூச்சாடியின் தட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வயர் வழியே ஓடி நிலத்தில் கிடந்த, பல பிளக் செருகுகிற நீட்சிப் பலகைக்கு வந்து, சுவிட்ச் தட்டி வீட்டில் பாதி இருண்டது. அம்மா அப்போது வெறுங்காலோடு அருகில் நின்றார். அன்றிரவே நீட்சிப் பலகையைச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன். இப்போது ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொய்ந்து ஒரு வளைவு எடுத்து மேலே ஏறும். தண்ணீர் வந்தால் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

அளப்பதற்கு விலை கூடிய கருவி வேண்டியதில்லை. பி.பி.எஃப்.டி. நேரே காட்டும் நல்ல மீற்றர்கள் நூற்றுக்கணக்கான டொலர். வெள்ளை விளக்குக்கு சாதாரண லக்ஸ் மீற்றரோ செல்போன் செயலியோ போதும். காட்டும் லக்ஸை 68 அளவால் வகுத்தால் ஏறத்தாழ மைக்ரோமோல் வரும். வெயிலுக்கு 54. விளக்குக்கு விளக்கு இது கொஞ்சம் மாறும், ஆனால் பத்தா இருநூறா என்று தெரிந்தால் எங்களுக்குப் போதும். ஊதா விளக்குக்கு இந்த வழி சரிவராது. என் பலகையை இலைக்கு மேலே 18 அங்குலத்தில் தொங்கவிட்டு அளந்தேன். நடுவில் 19,000 லக்ஸ், இரண்டு அந்தத்திலும் 11,000. அதாவது 280, 160. டொலர் கடையில் வெள்ளை ஃபோம் மட்டைகள் நாலு வாங்கிச் சுற்றிலும் நிறுத்தினேன். அந்தத்தில் 11,000 என்றது 14,000க்கு ஏறியது. செலவழித்த காசுக்கு இதைவிடப் பலன் தந்தது வேறொன்றும் இல்லை.

முதல் இரண்டு கிழமை டிம்மரைப் பாதியில் வைத்திருந்தேன். பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். வெளிறல் வரவில்லை.

நேரத்தைப் பற்றி. எங்கள் வீட்டு மின்சாரம் நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்தில். ஒன்ராறியோவில் அந்தத் திட்டத்தின்படி கிழமை நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரை மலிவு. சனி ஞாயிறு முழுக்க மலிவு. பேஸ்மென்ட்டில் யன்னல் இல்லை. ஆகவே செடிக்கு எது இரவு, எது பகல் என்பது டைமரின் கையில். மாலை 7க்கு எரியும், காலை 7க்கு அணையும். செடிக்கு அது ஒரு குறையுமில்லை. ஆனால் யன்னலருகே செடி வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்தால் பகலில் வெயிலும் இரவில் விளக்குமாக இருட்டே இல்லாமல் போகும். தக்காளிக்கு இடைவிடாத வெளிச்சம் கொடுத்தால் இலை மஞ்சளாகிக் கெடும். எந்தச் செடிக்கும் ஆறு மணித்தியால இருட்டாவது கொடுங்கள்.

செலவு: 100 வாட், 12 மணித்தியாலம், நாளுக்கு 1.2 யூனிட். மாதம் 36. யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து 15 சதம் என்று கூட்டியே போட்டாலும் 5 டொலர் 40 சதம். எல்.இ.டி. மணிகளுக்கு 50,000 மணித்தியாலம் என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அதன் பொருள், அவ்வளவு நேரத்தில் வெளிச்சம் 70 வீதத்துக்கு இறங்கும் என்பது. வருடத்தில் ஏழு மாதம் எரிக்கிற எனக்கு அது இருபது வருடக் கணக்கு. அதற்கு முன் பழுதாவது மின்வழங்கிதான். ஆகவே மணியின் ஆயுளைவிட, மின்வழங்கியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, உத்தரவாதம் எத்தனை வருடம் என்று பார்ப்பது நல்லது.

இவ்வளவும் செய்தும் நவம்பர் முடியும்வரை ஒரு தளிரும் வரவில்லை. இலை கொட்டவில்லை, பச்சையாக நின்றது, அவ்வளவுதான். நான் விளக்கைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். அம்மா பூச்சாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கால் விறைச்சுப்போய் நிக்குது, எப்பிடித் தளிர்க்கும்?" என்றார். பேஸ்மென்ட்டின் கொங்கிரீட் நிலத்தில் நேரே வைத்திருந்தேன். சமையல் வெப்பமானியை மண்ணுக்குள் செருகினால் 16 பாகை. காற்றோ 21. பூச்சாடிகளை மரப்பலகையில் ஏற்றி, அடியில் நாற்றுக்கு வைக்கிற சூட்டுப் பாயை விரித்து 24 பாகைக்கு வைத்தேன். மூன்றாவது கிழமையில், டிசம்பர் நடுவில், மூன்று கண்டிலும் செந்நிறத் தளிர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் படியிறங்கி வந்து பார்த்தார், முழங்கால் நோவோடு.

வெளிச்சம் சரியானதும் மற்றக் குறைகள் வெளியே வரத் தொடங்கும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மங்கலில் நிற்கிற செடிக்குப் பசி இல்லை. நல்ல வெளிச்சத்தில் நிற்கிறது கேட்கும். ஜனவரியில் புது இலைகள் நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் வந்தன. அது இரும்புச்சத்துக் குறை. எங்கள் குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு இரும்பைக் கட்டிவிடுகிறது. செடி எடுக்கக்கூடிய வடிவில் விற்கிற இரும்பை இரண்டு தரம் ஊற்றியதும் சரியானது. நைதரசன் கூடிய பசளையைக் குளிர்காலத்திலும் பாதி அளவில் கொடுக்கிறேன். தண்ணீர் கிழமைக்கு ஒரு தரம் என்றிருந்தது நாலு நாளுக்கு ஒன்றானது. வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்துவதால் சிற்றுண்ணி வரத்தான் செய்கிறது; ஆனால் வெள்ளை வெளிச்சத்தில் முதல் புள்ளி விழும்போதே தெரியும். குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடியைத் தண்ணீர் பீச்சிக் கழுவி, பூச்சிக்கென்று விற்கிற சவர்க்காரக் கரைசலைத் தெளித்தால் அடங்கிவிடுகிறது. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் இதைச் செய்ய அலுப்புப்படக் கூடாது.

எல்லோருக்கும் இந்த 100 வாட் தேவையில்லை. வெந்தயக்கீரையும் புதினாவும் வல்லாரையும் மட்டும் போதும் என்கிறவர்கள், கராஜில் மாட்டுகிற நாலடி எல்.இ.டி. குழல் விளக்கு ஒன்றை, நிஜமாக 40 வாட் எடுப்பதாகப் பார்த்து, வெள்ளை நிறத்தில் வாங்கி, கீரைக்கு மேலே எட்டு, பத்து அங்குலத்தில் தொங்கவிடலாம். பக்கத்து வீட்டு மாமி அப்படித்தான் படிக்குக் கீழே இரண்டு தட்டு வெந்தயக்கீரை போடுகிறார். செடி விளக்கு என்று பெயர் போட்டால் விலை கூடுகிறது; அவருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. கறிவேப்பிலை, மிளகாய், முருங்கை என்று வெயில் மரங்களுக்குப் போகும்போதுதான் நல்ல பலகைக்குச் செலவழிக்க வேண்டும். முருங்கைக்கு இந்த 10 மோலும் போதவில்லை என்பது என் அனுபவம். அது இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கியது.

வசந்தத்தில் வெளியே எடுக்கும்போது இன்னொரு இழப்பு காத்திருக்கிறது. 230இல் வளர்ந்த இலை 2,000க்கு ஒரே நாளில் போனால் வெந்துவிடும். மூன்றாவது வருடம் ஒரு மே மாதச் சனிக்கிழமை, வெயிலைக் கண்ட சந்தோசத்தில் மூன்றையும் நடுவளவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் இலைகள் கடதாசி மாதிரி வெளுத்திருந்தன. இப்போது இரவு வெப்பநிலை 12 பாகைக்கு மேலே நிற்கும் வரை பொறுத்திருந்து, ஜூன் முதல் கிழமையில் முதலில் வீட்டின் வடக்கு நிழலில், பிறகு காலை வெயிலில் இரண்டு மணித்தியாலம், பிறகு நாலு என்று பத்து நாள் எடுத்துத்தான் கொண்டுபோகிறேன். செப்டெம்பரில் உள்ளே கொண்டுவரும்போது இதையே திருப்பிச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் டிம்மரை நான் முதல் தரம் வைத்த மாதிரிப் பாதியில் வைக்காமல் முழு அளவில் வைத்தால் இலை கொட்டுவது குறைகிறது.

போன கோடையில் மூத்த மரம் பூத்துக் கறுத்த பழம் விட்டது. கறிவேப்பிலை விதை உலர்ந்தால் உயிர் போய்விடும் என்பதால் பழத்தைப் பறித்த அன்றே சதையை நீக்கிப் போட்டோம். எட்டு முளைத்திருக்கின்றன. உறவுக்குள் மூன்று வீட்டிலிருந்து இப்போதே கேட்டாயிற்று. அம்மா இன்னும் ஒருவருக்கும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. "முதல்ல அந்த மீற்றரைக் கொண்டுபோய் அவையின்ர யன்னலை அளந்துபோட்டு வா" என்கிறார்.